பதினான்கு பேருக்கு அக்கா கொடுத்த சொல்

1. சென்ற ஆண்டு கந்தசஷ்டி முடிந்த இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பன்னிரண்டாம் அறையில் ஒருவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த அக்கா கட்டில் கம்பியைப் பிடித்தபடி தரையில் அமர்ந்துவிட்டார்.

2. சிறிது நேரத்தில் எழுந்து மற்ற அறைகளுக்கும் மருந்து கொடுத்து முடித்தார். அதன் பிறகே அம்புலன்ஸை அழைக்க விட்டார்.

3. நான்காம் நாள் வைத்தியர்கள் வந்து சொன்னார்கள். கணையத்தில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருந்தது.

4. சிகிச்சை செய்தால் சில வாரங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம் என்றார்கள். அக்கா வேண்டாம் என்றார். வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். சிட்னியில் நாங்கள் இருவரும் குடியிருந்த டூங்கபி வீட்டை அவர் சொல்லவில்லை. தாம் நடத்திய முதியோர் இல்லத்தைச் சொன்னார்.

5. அங்கே வெறுமையாக இருந்த பதினாறாம் அறையில் இருபத்துமூன்று நாட்கள் இருந்தார்.

6. மார்கழியில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்குக் காலமானார். வயது நாற்பத்தொன்பது.

7. அன்று அந்த இல்லத்தில் பதினான்கு முதியவர்கள் இருந்தார்கள்.

ஓராண்டு நினைவு மலருக்காக அக்காவைப் பற்றி எழுதும்படி உறவினர்கள் கேட்டபோது முதலில் இந்த ஏழு குறிப்புகளையும் எழுதி வைத்துக்கொண்டேன். ஒழுங்காக எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். இந்தப் பழக்கமும் அக்காவிடமிருந்து வந்ததே.

அக்கா சாவகச்சேரியில் பிறந்தவர். தபாற்கந்தோரில் வேலை செய்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளை. அவருக்குப் பதினாறு வருடங்களுக்குப் பிறகு நான் பிறந்தேன். எங்களுக்கு இடையில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை. அம்மா நோயாளியாக இருந்த காலத்தில்தான் நாங்கள் போரினால் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தோம். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு, அங்கிருந்து தெரிந்தவர் வீட்டு மாட்டுக்கொட்டிலுக்கு, அங்கிருந்து மறுபடியும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. அம்மாவை ஒரு கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கித்தான் கொண்டுபோவார்கள். ஆறாவது தடவை தூக்கியபோது அம்மா, "இனி என்னை அசைக்காதையுங்கோ" என்று சொன்னதாக அக்கா ஒரேயொரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அசைக்காமல் இருக்க முடியவில்லை. அம்மா வழியில் இறந்தார். அக்கா அப்போது தாதியர் பயிற்சியை முடித்திருந்தார். எனக்கு ஒன்பது வயது.

மூன்று வருடங்களுக்குப் பிறகு அக்கா சிட்னிக்கு வந்தார். என்னையும் அழைத்து வந்தார். இங்கே அவருடைய தாதியர் தகுதியை ஏற்றுக்கொள்ள மேலும் ஒரு வருடம் படிக்கவேண்டியிருந்தது. பகலில் படிப்பு, மாலையில் முதியோர் இல்லமொன்றில் உதவியாளர் வேலை. நான் பாடசாலை முடிந்து வரும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஒன்று, கதவைப் பூட்டு. இரண்டு, சோறு சூடாக்கு. மூன்று, கணக்கு முதலில், ஆங்கிலம் பிறகு. நான்கு, யார் தட்டினாலும் திறக்காதே. எல்லாத் தாள்களிலும் கடைசி வரி ஒன்றுதான்: ஐந்து, நான் வந்துவிடுவேன். அக்காவை நேரில் கண்டதைவிட அவருடைய கையெழுத்தைக் கண்ட நேரம் அதிகம். இதைக் குறையாக எழுதவில்லை. அப்படித்தான் வளர்ந்தேன். ரயில் சமிக்ஞைப் பொறியியல் படித்து, வேலைக்கும் போனேன்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரிகளில் பல வருடங்கள் வேலை செய்தபின் மேற்படிப்புப் படித்து நேர்ஸ் பிரக்டிஷனர் ஆனார். இந்தப் பெயர் ஊரிலிருக்கும் எங்கள் உறவினர் பலருக்குப் புதிதாக இருக்கும். நோயாளியைத் தாமே பரிசோதித்து, மருந்து எழுதி, வேண்டிய சோதனைகளுக்கு அனுப்பும் உரிமை பெற்ற மூத்த தாதி என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெறவிருந்த ஒரு வெள்ளைக்கார மேட்ரனிடமிருந்து பதினாறு அறைகள் கொண்ட இல்லத்தை வாங்கி, எட்டு வருடங்களுக்குமுன் அக்கா தாமே நடத்தத் தொடங்கினார். உரிமையாளரே மருந்து எழுதக்கூடியவராக இருந்ததால், நெஞ்சில் சளி கட்டினால், சிறுநீரில் கிருமி வந்தால், வயதானவர்களை ஆஸ்பத்திரி வாசலில் மணிக்கணக்காகப் படுக்க வைக்கவேண்டியிருக்கவில்லை. அவரவர் கட்டிலிலேயே பார்த்துக்கொண்டார்.

இல்லத்தைப் பொறுப்பேற்ற முதல் நாள் நானும் போயிருந்தேன். அங்கு முன்பிருந்தே தங்கியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எல்லாரும் வாத்தியார் என்று அழைப்பவர், அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, புது முதலாளி வந்தால் பழைய சாமான் எல்லாத்தையும் மாத்துவினம். எங்களை எங்கை அனுப்பப் போறாய்?"

"ஒரு இடமும் இல்லை ஐயா. விருப்பமில்லாமல் ஒருதரையும் இஞ்சையிருந்து மாத்தமாட்டன்."

"இப்ப இப்பிடித்தான் சொல்லுவாய். எழுதித் தா பாப்பம்."

அக்கா சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த தாளை எடுத்து எழுதி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் அதேபோல ஒரு தாள். தமிழருக்குத் தமிழிலும் மற்றவர்களுக்கு ஆங்கிலத்திலும். பதினான்கு பேரிடமும் அந்தத் தாள் இருந்தது.

அங்கே யாராவது இறந்தால் பின்வாசலால் கொண்டுபோக அக்கா விடமாட்டார். முன்வாசல் திறக்கப்படும். எழுந்து நிற்கக்கூடியவர்கள் நடையில் நிற்பார்கள். முடியாதவர்களை அறை வாசலுக்குச் சக்கர நாற்காலியில் கொண்டுவருவார்கள். தலையை வாரி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டுத்தான் அனுப்புவார். "கண்ணாடி இல்லாட்டில் அவருக்கு வழி தெரியாது" என்பார். அக்காவையும் முன்வாசலால்தான் கொண்டுபோனோம்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று சில உறவினர்களிடம் கேட்டேன். வேண்டாம் என்றவர்களும் உண்டு. அக்கா எந்தக் குறிப்பிலும் எதையும் விட்டெழுதியவர் அல்லர். ஆகையால் எழுதுகிறேன்.

இல்லத்தில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லாருக்கும் நிறை பார்ப்பார்கள். அதற்கென்று சக்கரம் வைத்த கதிரை ஒன்று இருக்கிறது. அதில் இருந்தால் இலக்கம் தெரியும். வயதானவர்களுக்கு நிறை குறைவது ஆபத்தின் முதல் அடையாளம் என்பதால் அக்கா அதில் மிகக் கண்டிப்பு. ஆனால் பலருக்கு அந்தக் கதிரை பயம். எனவே அக்கா தாமே முதலில் ஏறி இருப்பார். கதிரை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்ததாகவும் ஆயிற்று, பயம் தெளிந்ததாகவும் ஆயிற்று. அவருடைய இலக்கத்தை உதவியாளர் உரத்து வாசித்துத் தாளின் முதல் வரியில் எழுதுவார். அதற்குப் பிறகு ஒன்றாம் அறையிலிருந்து தொடங்குவார்கள்.

இந்தத் தாள்களைக் கணினியில் ஏற்றும் அட்டவணையை உருவாக்கிக் கொடுத்தது நான். மூன்று மாதங்களில் இரண்டு கிலோ குறைந்தால் அந்த வரி சிவப்பாகும். முதல் வரி கதிரையைச் சரிபார்ப்பதற்கு, அதைக் கணக்கில் எடுக்காதே என்று அக்கா சொன்னார். தெரிந்த ஒரு நிறையை வைத்துக் கருவியைச் சோதிப்பது என் தொழிலிலும் வழக்கம். ஆகவே அந்த வரி சிவப்பாகாதபடி நானே அமைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது இது. அக்காவின் இலக்கம் மாதாமாதம் குறைந்தது. அறை நிறைந்த ஆட்கள் அதைக் கேட்டார்கள். ஐந்தாம் அறையிலிருந்த எண்பத்தெட்டு வயதுப் பொன்னம்மா அன்ரி விடமாட்டார்.

"என்னடி பிள்ளை, மாதம் மாதம் மெலியிறாய்? ஆரையும் பாத்து வைச்சிருக்கிறியோ?"

"ஓம் அன்ரி, மேய்ஸ் ஹில்லிலை ஒருத்தர் இருக்கிறார். வேலோடை நிப்பார்."

"அவருக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கினம். நீ வேறை ஆளைப் பார்."

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலை அறிந்த எல்லாரும் சிரிப்பார்கள். விரதம் என்றும், வேலை கூடிப்போயிற்று என்றும் நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். அதையும்விட ஒன்று. முதல் வரி குறைகிறதே, கதிரையில் பிழை இருக்கிறது என்று நினைத்து, கதிரையைத் திருத்துபவரை இரண்டு முறை அழைத்தோம். முதல் முறை அழைத்தவள் நான். அவர் இரும்பு நிறைகளை ஏற்றிப் பார்த்து, கதிரை சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளையும் கோப்பில் வைத்தேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நான்காம் நாள் அந்த அட்டவணையைத் திறந்து பார்த்தேன். பதினான்கு மாதங்கள். அறுபத்தொரு கிலோவிலிருந்து ஐம்பதுக்கு வந்திருந்தது. கட்டிலுக்கு அருகில் இருந்து அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, முதல் வரி."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ கதிரைக்காரனைக் கூப்பிட்ட அண்டைக்கு. அதுக்கு முதலும் கொஞ்சம் தெரியும்."

"அப்ப ஏன் போகேல்லை?"

"போனால் அவை என்னைப் படுக்க வைச்சிடுவினம். வாத்தியாருக்கு ஆர் மருந்து எழுதுறது? அன்ரிக்கு ஆர்?"

பிறகு, "டேவிட் படிச்சு முடிக்க இன்னும் கொஞ்சக் காலம்தானே. அதுமட்டும் இழுக்கலாம் எண்டு நினைச்சன். பிழைச்சுப்போச்சு" என்றார்.

நான் செய்த அட்டவணையில் பிழை இல்லை என்றும் சொன்னார்.

டேவிட் அண்ணா மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்தவர். அக்காவோடு ஏழு வருடங்கள் வேலை செய்த, அவரை சிஸ்டர் என்றே அழைத்த தாதி. அக்காவின் வற்புறுத்தலால்தான் நேர்ஸ் பிரக்டிஷனர் படிப்பில் சேர்ந்தார். அக்காவின் உயிலின்படி இல்லம் என்னிடம் வந்தது. எனக்கு ரயில் சமிக்ஞை தெரியும். ஒருவருக்கு ஊசி போடத் தெரியாது. இறுதிக்கிரியை முடிந்த மூன்றாம் நாள் குசினி மேசையில் டேவிட் அண்ணாவிடம், என்னை விட்டுப் போய்விடுவீர்களா என்று கேட்டேன்.

"போகமாட்டேன்மா. ஆனா தெரிஞ்சுக்க, அனுமதி வர்ற வரைக்கும் நான் வெறும் நேர்ஸ்தான். சிஸ்டர் மாதிரி டக்குன்னு மருந்து எழுத முடியாது. டாக்டர் வர்றப்பதான்."

"டாக்டர் கிழமைக்கு ரெண்டு நாள்தானே வருவார்?"

"அதான் சொல்றேன்லா. மத்த அஞ்சு நாளும் சாமிதான்."

இரண்டு பெரிய நிறுவனங்கள் கேட்டு வந்தன. இரண்டும் முதியவர்களை வேறு இடத்திலுள்ள தங்கள் பெரிய கட்டடத்துக்கு மாற்றுவதாகவே சொல்லின. பதினான்கு தாள்களையும் நினைத்து, இல்லை என்று எழுதினேன். புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை, இருப்பவர்களை மட்டும் பார்ப்பது என்று முடிவுசெய்தோம். வேலையில் நீண்ட விடுமுறை எடுத்தேன். அக்கா செய்த வேலைகளைப் பட்டியலிட்டேன். நாற்பத்தொரு வேலைகள் வந்தன. முப்பத்தாறுக்கு ஆட்களைக் கண்டுபிடித்தேன். மீதி ஐந்தும் நேர்ஸ் பிரக்டிஷனர் மட்டுமே செய்யக்கூடியவை.

அந்த ஐந்தினால்தான் பொன்னம்மா அன்ரி விஷயம் நடந்தது. அவருக்கு விழுங்குவது கடினமாகிவிட்டது. மருந்தை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. அக்கா இருந்தபோது அது காலைத் தேநீருக்கு முன்பே முடிந்துவிடும் வேலை. இப்போது வைத்தியர் வரும் நாளுக்குக் காத்திருக்கவேண்டும். காத்திருந்ததில் இரண்டு முறை அம்புலன்ஸில் போய்வந்தார். மூன்றாம் முறை ஆஸ்பத்திரியில், இந்த நிலையில் உள்ளவரை உங்கள் இல்லத்துக்குத் திருப்பி அனுப்புவது பாதுகாப்பில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. மெல்பேர்னிலிருக்கும் அவருடைய மகனோடு தொலைபேசியில் பேசினேன். அவரும் ஒப்புக்கொண்டார். வேறொரு இல்லத்துக்கு மாற்றும் தாளில் எங்கள் இல்லத்தின் சார்பில் நான் கையெழுத்திட்டேன்.

அன்ரி தம்முடைய பொருட்களை எடுக்க ஒருமுறை வந்தார். வண்டியில் ஏற்றுமுன் என் கையைப் பிடித்தார்.

"அழாதை. எனக்கு எழுதித் தந்தது நீ இல்லைத்தானே. அவள்தானே தந்தவள். அவள் இருந்தால் மாத்தியிருக்கமாட்டாள்."

"ஓம் அன்ரி."

"அங்கை தமிழ்ச்சனம் ஒருதரும் இல்லையாம். பறவாயில்லை. எண்பத்தெட்டு வருசம் கதைச்சது காணும்."

பத்தொன்பது நாட்கள் அங்கே இருந்தார். நான் பதினொரு நாட்கள் போனேன். எட்டு நாட்கள் போகவில்லை. போகாத நாளொன்றில் இறந்தார். அவர் கைப்பையில் அக்கா எழுதிக்கொடுத்த தாள் நாலாக மடித்தபடி இருந்ததென்று அவருடைய மகன் சொன்னார். அக்காவின் சொல் மீறப்பட்டது அந்த ஒருமுறை. மீறியது நான். அன்ரியின் குடும்பத்தாரிடம் நேரில் கேட்ட மன்னிப்பை இந்த மலரிலும் கேட்கிறேன். அக்காவிடம் கேட்க வழியில்லை.

இந்த ஒரு வருடத்தில் அக்காவைப் பற்றி எல்லாரும் என்னிடம் நல்லதே சொன்னார்கள். அவர் தரையில் அமர்ந்துவிடும்வரை தம் நோயைச் சொல்லவில்லை என்பதைப் புகழ்ச்சியாகவும் சிலர் சொன்னார்கள். எனக்கு அது புகழ்ச்சியாகப் படவில்லை. பிறருடைய நிறை இரண்டு கிலோ குறைந்தால் விசாரிக்கும் ஒருவர், தம்முடைய பதினொரு கிலோவை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். பதினாறு பேர் வாழக்கூடிய ஒரு வீட்டின் நடுவில் அவர் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறார் என்பது அவருடைய மேசையில் ஒவ்வொரு நாளும் இருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது மாலையில் டூங்கபி வீட்டுக்கு வந்து ஒருவருக்கு மட்டும் சோறு வைக்கிறேன். அளவு இன்னும் பிடிபடவில்லை. பெரும்பாலும் மிஞ்சுகிறது.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். அக்காவின் கடைசி இருபத்துமூன்று நாட்களும் முறைவைத்து அருகில் இருந்த இல்லத்துத் தாதியர்களும் உதவியாளர்களும். அன்று முதல் இன்றுவரை ஒரு நாளும் பிந்தி வராத டேவிட் அண்ணா. கிழமைக்கு இரண்டு நாள் வந்து, பல கிழமைகளில் மூன்றாம் நாளும் வந்த வைத்தியர். கிரியைகளை நடத்தித் தந்த ஐயா. மெல்பேர்னிலிருந்து காரில் வந்து, ஒரு மாதம் நின்று, என்னைச் சாப்பிட வைத்த மச்சாளும் அத்தானும். வீட்டு வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு மணியடிக்காமல் போன டூங்கபி அயலவர்கள். உங்கள் பாத்திரங்களில் மூன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன. நீலமூடி ஒன்று, வெள்ளைமூடி இரண்டு. உரியவர்கள் தயவுசெய்து பெற்றுக்கொள்ளுங்கள். அக்கா காலமான காலையில், எழுந்து நிற்க முடியாதபோதும் நடைக்கம்பியைப் பிடித்து நின்ற வாத்தியாருக்கும் நன்றி. அவர் ஆவணியில் தம்முடைய சொந்த அறையில் இறந்தார். அவரையும் முன்வாசலால் அனுப்பினோம்.

இன்றைய நிலை இது. பதினான்கு பேரில் நான்கு பேர் தங்கள் அறைகளிலேயே இறந்தார்கள். ஒருவரை மாற்றினேன். ஒன்பது பேர் இருக்கிறார்கள். டேவிட் அண்ணா படிப்பை முடித்துவிட்டார். அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. முதியோர் பராமரிப்பை மேற்பார்வை செய்யும் அலுவலகம், நேர்ஸ் பிரக்டிஷனர் ஒருவரை நியமிக்க எங்களுக்குத் தந்திருக்கும் தவணை சித்திரை முடிவுவரை. அதற்குமுன் அனுமதி வந்தால் இல்லம் தொடரும். வராவிட்டால் ஒன்பது பேரையும் மாற்றவேண்டும். அதை அவர்களிடம் அறை அறையாகப் போய் நானே சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.